சிங்கம் நக்கிப் பார்த்த வேன்

அத்தியாயம் 17

கைருன்னிசா மதார் சாகிபுக்கு என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். அவளையே கேட்டுவிடலாம் என்றால் அவளுக்கு இப்போது தலைக்கு மேல் வேலை. கோலா சிலாங்கூர் கடையின் பின்கட்டில் நின்று, காலையிலேயே வலை வலையாக ரொட்டி ஜாலா சுட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறாள். குடும்பமே இன்று சிங்கம் பார்க்கப் போகிறது.

அந்தச் சாப்பாட்டுக் கடையின் சரித்திரத்தில் இது நடக்காத காரியம். பெருநாளுக்குக்கூட மதியத்துக்கு மேல் அடுப்பைப் பற்றவைத்துவிடுகிற கடை அது. அதன் கதவில் 'இன்று விடுமுறை' என்று மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டிவிட்டு, கடைக்காரன் இஸ்கந்தர் மனைவி மக்களோடும் அக்கா கைருன்னிசாவோடும் பத்தாங் காலிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் சஃபாரி பூங்காவுக்குக் கிளம்புகிறான். வண்டியை விட்டு இறங்காமலேயே மிருகங்களுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு போகலாமாம்.

காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

இஸ்கந்தரின் மனைவி ரிஸ்வானாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது மூத்தவன் அஸ்ருல் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். இளையவள் ஃபஹீமா நடக்கக்கூடப் பழகவில்லை. மருந்து ஏறுகிற உடம்பில் சளி இருமல் எதுவும் தொற்றக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கைருன்னிசா வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். தூக்கிப் போனவள் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில், "இனி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினா போதும்" என்றார்கள். இஸ்கந்தர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டான். மனைவி நல்லபடியாக எழுந்துவிட்டால் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு, பிள்ளைகள் கேட்கிற இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவன் எப்போதோ நேர்ந்திருந்தான். அஸ்ருல் சிங்கம் கேட்டான்.

ரிஸ்வானாவுக்கு வேண்டியது சிங்கமில்லை.

பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து கடைக்கு மீன் கொண்டு வருகிற மதார் சாகிபு, மனைவியை இழந்தவர். கைருன்னிசாவும் வாலிபத்திலேயே கணவனைப் பறிகொடுத்தவள். போன வருஷமே அவர் முறையாகப் பெண் கேட்டார். "பிள்ளைங்க இருக்கு" என்று இரண்டு வார்த்தையில் அனுப்பிவிட்டாள். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை, மீனை நிறுத்தவுமில்லை. இப்போது மறுபடி கேட்டிருக்கிறார். இன்று சாயங்காலம் போன் செய்வார்.

அதற்கு என்ன பதில் என்பதை, கடையில் பாத்திரம் கழுவுகிற திலகத்திடம் கைருன்னிசா நேற்று சொன்னபோது, ரிஸ்வானா அடுப்படி வாசலில்தான் நின்றிருந்தாள்.

"சின்னது இன்னும் பெத்தவகிட்ட ஒட்டல திலகம். அது ஒட்டாம நான் எங்க போறது? வேணாம்னு சொல்லிடப் போறேன்."

அந்த வார்த்தை ரிஸ்வானாவின் காதிலேயே நின்றுவிட்டது. இவள் உயிர் பிழைப்பதற்காக ஒருத்தி தன் வாழ்க்கையை ஒரு தடவை தள்ளி வைத்தாள். இரண்டாவது தடவையும் தள்ளி வைக்கப் போகிறாள். சாயங்காலத்துக்குள் ஃபஹீமா தன் மடிக்கு வந்துவிட வேண்டும் என்று ரிஸ்வானா துஆ கேட்டாள். இன்றைக்கு அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

"ஃபஹீமா, வா. கிளிப் போட்டுவிடறேன்."

"மாமி போடுவாங்க."

"மாமி கையெல்லாம் மாவு. நான் போடறேனே?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "பரவால்ல. நான் வெயிட் பண்றேன்."

அந்த மரியாதைதான் ரிஸ்வானாவைக் கொன்றது. அடம்பிடித்தாலாவது சொந்தம் தெரியும். ஃபஹீமா அவளிடம் ஒருநாளும் அடம்பிடித்ததில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நடந்துகொள்வது போலவே நடந்துகொள்வாள். அடுத்தவர்களிடம் அவளைப் பற்றிப் பேசும்போது 'காக்காவோட உம்மா' என்பாள். அண்ணனுக்கு ஓர் உம்மா, தனக்கு ஒரு மாமி. ஆளுக்கு ஒருவர் இருக்கிறார்களே, இதில் யாருக்கு என்ன குறை என்பது அவள் எண்ணம்.

மாமியிடமோ மகாராணி. நேற்றுகூடப் பச்சை நிறத் தட்டில் சோறு போடவில்லை என்று கடை நடுவில் படுத்து உருண்டாள். கைருன்னிசா தலையில் அடித்துக்கொண்டு தட்டை மாற்றினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஸ்வானாவுக்குப் பொறாமையாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை.

இனி அந்த வேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தினமும் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு பசாருக்குப் போய் ஆட்டுக்கறியும் கோழியும் ஏற்றிக்கொண்டு வருவதுதான் அதன் வேலை. இஸ்கந்தர் கடையை ஏற்ற நாளிலிருந்து அது வேறு எதையும் சுமந்ததில்லை. பக்கவாட்டில் கடைப் பெயரும், அதற்குக் கீழே ஓர் ஆடு பல்லைக் காட்டிச் சிரிக்கிற படமும் இருக்கும். தனக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியாத ஆடு.

"வேன்லயா போறோம்?" என்றாள் ரிஸ்வானா.

"கார் வர்க்‌ஷாப்ல கிடக்கு லா. நேத்தே வேனைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். வாசத்துக்குப் பாண்டான் இலைகூட ஒரு கட்டு வாங்கிப் பின்னால போட்டிருக்கேன்."

"கறி வாடை அடிக்கலையா மச்சான்?"

"எங்க அடிக்குது? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

அவனுக்கு எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து அந்த வாடையில் வளர்ந்தவன். கைருன்னிசாவும் வேனுக்குள் தலையை நீட்டி, நன்றாக மோந்து பார்த்து, "வாசமாத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தாள். அவளுடையதும் அதே கடை மூக்குதானே. ரிஸ்வானாவின் மூக்கைக் கேட்டிருக்கலாம். ஆனால் கீமோ முடிந்ததிலிருந்து அவளுக்கு வாசனை சரியாகப் பிடிபடுவதில்லை. ஆக, மூன்று மூக்கும் சேர்ந்து வேனுக்கு நற்சான்று கொடுத்தன.

பெஸ்தாரி ஜெயா வரைக்கும் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தார்கள். அஸ்ருல் முன்னால் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிங்கம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டு மறுபடி சொல்லத் தொடங்கினான். பின்னால் ஜன்னலோரம் கைருன்னிசா, நடுவில் ஃபஹீமா, இந்தப் பக்கம் ரிஸ்வானா. பிள்ளையின் தலை மாமியின் தோளில் சாய்ந்திருந்தது.

ரிஸ்வானா பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினாள். "தெரிமா காசே" என்று வாங்கிக்கொண்டாள் ஃபஹீமா. அவ்வளவு நன்றி பெற்ற மகளிடமிருந்து யாருக்கு வேண்டும்?

கைருன்னிசா அதைப் பார்த்தாள். "நீ ஏன்டி உம்மா மடியில கொஞ்ச நேரம் உக்காரக் கூடாது?" என்றாள்.

"மாமி மடி சாஃப்ட்."

வேனே சிரித்தது. ரிஸ்வானாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, வெளியே ஓடுகிற செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பூங்காவும் ஒரு காலத்துத் தோட்டம்தான். செம்பனையை அங்கங்கே விட்டுவைத்து, வேலி போட்டு, தார் ரோடு வளைந்து வளைந்து போகிறது. வாசலில் பலகை: கண்ணாடியைத் திறக்காதே, இறங்காதே, ஹார்ன் அடிக்காதே. அவசரத்துக்கு ஒரு போன் நம்பர் டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. இஸ்கந்தர் அதைப் படிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முதலில் மான்கள். அப்புறம் வரிக்குதிரை. ஒரு தீக்கோழி வேனுக்குப் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தது.

"வாப்பா, அதோட முட்டையில ரொட்டி தெலூர் போட்டா எத்தனை பேர் சாப்பிடலாம்?"

"நம்ம பிள்ளைதான்டா நீ!" இஸ்கந்தர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான்.

"தொடையைப் பாரு தம்பி, எவ்வளவு சதை!" என்றாள் கைருன்னிசா, நாற்பது பேருக்குக் குழம்பு வைக்கிற கண்ணோடு. தீக்கோழிக்கு என்ன புரிந்ததோ, விலகி ஓடிவிட்டது.

பிறகு இரட்டைக் கம்பிக் கதவு. ஒன்று திறந்து மூடிய பிறகுதான் அடுத்தது திறந்தது. உள்ளே சிங்கங்கள்.

செம்பனை நிழலில் நான்கைந்து படுத்திருந்தன. முன்னால் போன கார்கள் நின்று நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தன. ஒரு சிங்கமும் தலையைத் தூக்கவில்லை. வாலைக்கூட ஆட்டவில்லை.

இஸ்கந்தரின் வேன் மெல்ல வந்தது. ஒரு பெண் சிங்கம் தலையைத் தூக்கியது. மூக்கை உயர்த்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. எழுந்து நின்றது.

"வாப்பா, நம்மகிட்ட வருது!"

"பார்த்தியாடா? முன்னால போனவங்களுக்கெல்லாம் தூங்குச்சு. நமக்குத்தான் எழுந்திரிச்சு வருது!" இஸ்கந்தருக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவதும் எழுந்தது. மூன்றாவதும். பிடரி சிலிர்த்த ஆண் சிங்கம் சோம்பல் முறித்துக்கொண்டு கடைசியாகக் கிளம்பியது. முதலில் வந்தது, வேனுக்கு நேர் முன்னால் ரோட்டில் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. இஸ்கந்தர் பிரேக்கை அழுத்தினான். அவன் பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

ஆண் சிங்கம் பின்கதவை முகர்ந்தது. கைப்பிடியை நக்கியது. அப்படியே பக்கவாட்டுக்கு வந்து, சிரிக்கிற ஆட்டின் முகத்தில் நாக்கைப் போட்டு நிதானமாக ஓர் இழுப்பு இழுத்தது. வேன் லேசாக ஆடியது.

இஸ்கந்தர் டிக்கெட்டைத் தேடி எடுத்துப் போன் போட்டான். எடுத்த இளைஞன் மலாயில் தொடங்கி, இவன் குரலைக் கேட்டதும் தமிழுக்கு வந்தான். லிங்கேஸ்வரன் என்று பெயர் சொன்னான்.

"பயப்படாதீங்கண்ணே, ஜீப் எடுத்துட்டு வரேன். புலிப் பக்கம் இருக்கேன், சுத்திக்கிட்டுத்தான் வரணும். கண்ணாடி மட்டும் திறக்கவே திறக்காதீங்க." பிறகு கொஞ்சம் தயங்கினான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வேன்ல வழக்கமா என்ன ஏத்துவீங்க?"

"கறி."

"எவ்வளவு நாளா?"

"எங்க வாப்பா காலத்துலேர்ந்து."

லிங்கேஸ்வரன் ஜீப்பைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. "வந்துடறேன்ணே" என்று போனை வைத்துவிட்டான்.

அப்போதுதான் ஆண் சிங்கம் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வேனின் மேல் வைத்தது. கைருன்னிசாவின் ஜன்னலில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதன் முகம் முழுசாக வந்து நின்றது. மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி மங்கியது.

ஆட்டுத் தலையை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளக்கிறவள் கைருன்னிசா. கடையில் தகராறு செய்த குடிகாரனைக் கரண்டியோடு பஸ் நிலையம் வரைக்கும் துரத்தியவள். தம்பி மனைவிக்கு நோய் என்றதும் குடும்பமே நிலைகுலைந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உலை வைத்தவள். அவளே இப்போது பயந்துபோனாள். பிள்ளையை வாரி மடியில் போட்டு நெஞ்சோடு இறுக்கினாள்.

"மாமி, வலிக்குது."

பிடி தளரவில்லை.

"மாமி! வலிக்குது மாமி!"

ஃபஹீமா நிமிர்ந்து மாமியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. உலகத்தில் எதற்கும் பயப்படாத ஒரே ஆள் பயப்படுகிறார் என்றால் நிலைமை மோசம்தான் என்று அந்தச் சின்ன மண்டைக்குப் புரிந்துவிட்டது. உதடு பிதுங்கியது. முன்னால் அஸ்ருலும் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிட்டு வாப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ரிஸ்வானாவுக்கு ஏனோ பயம் வரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியம். மூடிய இடத்தில், அசையாமல், வெளியே நடக்கிற எதுவும் தன் கையில் இல்லாமல் கிடப்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவள் தனக்குத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

வலது கையை விரித்து, பிள்ளைக்கு முன்னால் நீட்டினாள்.

"ஃபஹீமா, இதுதான் சட்டி. அடுப்புல வச்சாச்சு. ஆட்டுக்கறிக் கொழம்பு வைக்கப் போறோம். முதல்ல என்ன ஊத்தணும்?"

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தாள். கடையில் வளர்ந்த பிள்ளை. விசும்பலுக்கு நடுவிலேயே, "எண்ணெய்" என்றாள்.

"ஊத்து."

சின்ன விரல்கள் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றின.

"அப்புறம் பட்டை, கிராம்பு, ஏலம். போட்டாச்சு. இப்ப வெங்காயம். கிண்டு, கிண்டு, அடிப்பிடிக்கப் போவுது!"

எட்டிக் கிண்ட வசதியாக இல்லை. ஃபஹீமா மாமியின் கைக்குள்ளிருந்து நெளிந்து வெளியே வந்தாள். ஒரு முழங்காலை ரிஸ்வானாவின் தொடையில் ஊன்றினாள், அப்புறம் இன்னொன்றை. அவளுக்குச் சட்டிதான் முக்கியம், எந்த அடுப்படியில் இருக்கிறோம் என்பதை அவள் கவனிக்கவில்லை. மடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் உம்மாவின் உள்ளங்கையைச் சுற்றிச் சுற்றிக் கிண்டினாள். ரிஸ்வானா மூச்சு விடவும் பயந்தாள். சிங்கத்துக்குப் பயப்படாதவள், பிள்ளை இறங்கிவிடுமோ என்று பயந்தாள்.

"இஞ்சி பூண்டு போட்டாச்சா?" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"போட்டாச்சு."

"மசாலாத் தூள்?"

"ஏய்..." என்று ஒரு குரல் வந்தது. கைருன்னிசா. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல் கிட்டிக்கப் பேசினாள். "வெங்காயம் செவக்காம தூள் போடாதே."

"செவந்துடுச்சு லாத்தா."

"கறிவேப்பிலை?"

"நீங்களே போடுங்க."

கைருன்னிசாவின் கை மெல்ல நீண்டு வந்தது. கண்ணைத் திறக்காமலேயே ரிஸ்வானாவின் உள்ளங்கையில் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டது. ரிஸ்வானா இடது கையால் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

"லாத்தா, ஒண்ணு சொல்லட்டா? ஸ்கேன் எடுக்கறப்ப அந்தக் குழாய்க்குள்ள படுக்கப் போடுவாங்களே, அசையவே கூடாதும்பாங்க. முதல் தடவை செத்துட்டேன்னே நெனச்சேன். அடுத்த தடவையிலேர்ந்து கண்ணை மூடிக்கிட்டு உங்க கொழம்பை வைக்க ஆரம்பிச்சேன். எண்ணெய்லேர்ந்து கொத்தமல்லி வரைக்கும், ஒண்ணுவிடாம. நான் கொழம்பை இறக்கறப்ப அவங்க என்னை வெளியே எடுத்துடுவாங்க. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் உயிரோட வெளியே வந்தேன்."

கைருன்னிசா கண்ணைத் திறந்தாள். சிங்கத்தைப் பார்க்கவில்லை. ரிஸ்வானாவைப் பார்த்தாள்.

"நான் என்ன பெரிசா செஞ்சுட்டேன்," என்றாள். "ஆக்கி அனுப்புனேன். அவ்வளவுதானே."

"ஆக்கி அனுப்புனீங்க. பிள்ளைங்களை வளத்தீங்க. இத்தனை நாளா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழுங்கிக்கிட்டே இருந்தேன் லாத்தா. நான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்கேன்னா..."

இரண்டு பெண்களும் அழுதார்கள். நடுவில் ஃபஹீமா, "கறி போடணும், கறி போடணும்" என்று உள்ளங்கையைத் தட்டினாள்.

முன்னாலிருந்து இஸ்கந்தர் கரகரத்த குரலில் சொன்னான். "கறி கறின்னு சத்தமாப் பேசாதீங்க. வெளியே நிக்கிறவனுக்குக் கேட்டுடப் போவுது."

முதலில் சிரித்தது கைருன்னிசாதான்.

லிங்கேஸ்வரனின் ஜீப் வந்தது. பின்னால் சங்கிலியில் ஒரு பெரிய இறைச்சித் துண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வேனை ஒட்டிப் போனான். வாசனையை விட நிஜம் மேல் என்று சிங்கங்கள் முடிவு செய்தன. ஆண் சிங்கம் கால்களை இறக்கி ஜீப்பின் பின்னால் நடந்தது. ரோட்டில் படுத்திருந்ததுதான் கடைசியில் மனமில்லாமல் எழுந்து போனது. குழம்பும் அதற்குள் கொதி வந்துவிட்டது.

வெளியே வந்ததும் மரத்தடி மேசையில் துணி விரித்தார்கள். ரொட்டி ஜாலாவும் கோழிக்குழம்பும் எடுத்து வைத்தார்கள். பார்க்க வந்த லிங்கேஸ்வரனுக்கும் ஒரு தட்டு. அவன் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஆட்டின் முகத்தில் இருந்த எச்சில் தடத்தைப் படம் எடுத்துக்கொண்டான். இஸ்கந்தர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உண்ணாமல், எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தான். மனைவி, மகன், மகள், அக்கா. ஒருவரும் குறையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்த பிறகுதான் முதல் வாய் வைத்தான்.

ரிஸ்வானா சாப்பிடக் கை கழுவிவிட்டு வந்தாள்.

"சட்டி எங்க?" என்றாள் ஃபஹீமா.

"சட்டி கழுவியாச்சுமா. உம்மா சாப்பிட்டுட்டு வரேன்."

"இல்ல. இன்னும் ஒரு கொழம்பு வைக்கணும். மீன் கொழம்பு."

"சாப்பிட்டதும் வைக்கலாம்."

"இப்ப!"

"ஃபஹீமா..."

"இப்பவே! கையைக் குடு! குடு!"

காலை உதைத்தாள். செருப்பு பறந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை புல்லில் மல்லாந்து படுத்து, கிளிப்பைப் பிடுங்கி எறிந்து, ரிஸ்வானாவின் கால் சட்டையைப் பற்றிக்கொண்டு வானம் அதிர அழுதாள். அஸ்ருல் வெட்கப்பட்டு வாப்பாவின் பின்னால் போய் நின்றான்.

கைருன்னிசா எழுந்திருக்கப் போனாள். பழக்கம். பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள்.

ரிஸ்வானா குனிந்து நின்றிருந்தாள். அவள் முகம் முழுக்க அப்படி ஒரு சந்தோஷம். பெருநாள் பிறை பார்த்தவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள். "லாத்தா," என்றாள், கண்ணில் நீர் வழிய. "என்கிட்ட அடம்பிடிக்கறா, பாருங்க. என்கிட்ட!"

"தெரியுது," என்றாள் கைருன்னிசா. மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள். "பச்சைத் தட்டுக்குப் பண்ணுவாளே, அதே அடம். சீக்கிரம் கையைக் குடு. விட்டா சாயங்காலம் வரைக்கும் உருளுவா."

அவள் தன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். பிள்ளை அழும்போது உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலமாகிறது! ரொட்டி ஜாலா நன்றாகவே வந்திருந்தது. ஆனாலும் இரண்டாவது வாயில் அவள் கண் கலங்கியதை இஸ்கந்தர் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் இருந்தான்.

திரும்பும்போது கைருன்னிசா முன்னால் உட்கார்ந்துகொண்டாள். தானாகவே ஏறிக்கொண்டாள், யாரும் சொல்லவில்லை. பின்னால் அஸ்ருல் ஜன்னலில் சாய்ந்து தூங்கினான். ஃபஹீமா உம்மாவின் மேல் சாய்ந்து, அவள் விரலை மூடிய கைக்குள் பிடித்தபடி தூங்கினாள்.

பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டும்போது கைருன்னிசாவின் போன் அடித்தது. இஸ்கந்தர் ரேடியோவை அணைத்தான்.

மதார் சாகிபு படகில் பேசிப் பழகிய மனிதர். அவர் ரகசியம் பேசினாலும் பக்கத்து ஊருக்குக் கேட்கும். ஸலாம் சொன்னார். கடை பூட்டியிருக்கிறதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சிங்கம் பார்க்கப் போயிருந்தோம்."

"சிங்கமா?"

"ஆமா. அதுவும் எங்களைப் பார்த்துச்சு."

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் அவர் கேட்க வந்தது வேறு. "நான் கேட்டதுக்குப் பதிலைப் போன்ல சொல்ல வேணாம். எதுவா இருந்தாலும் சரி, நாளைக்கு நேர்ல வந்து கேட்டுக்கறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். வேனில் எல்லோருக்கும் அப்போதும் தெளிவாகவே கேட்டது. "ஒண்ணை மறைக்கக் கூடாது. என் மகளும் கூட வரேங்கறா. அவளுக்கு இதுல இஷ்டமில்ல. உங்களை நேர்ல பார்த்து நாலு கேள்வி கேக்கணுமாம். அவ கொஞ்சம் பட்டுப் பட்டுன்னு பேசுவா. அது தெரிஞ்சு நீங்க சரின்னாத்தான் கூட்டிட்டு வருவேன்."

மதியம் கண்ணாடிக்குப் பின்னால் சிங்கத்தின் முகத்தைப் பார்த்தபோது இருந்த அதே மாதிரி கைருன்னிசா உட்கார்ந்திருந்தாள். 'வேணாம்' என்கிற வார்த்தை நேற்றே தயாராகிவிட்ட வார்த்தை. இப்போது சொன்னாலும் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை.

அவள் கை இருக்கையைத் தாண்டிப் பின்னால் நீண்டு வந்தது. துழாவியது.

ரிஸ்வானா பிள்ளையின் கைக்குள்ளிருந்து தன் விரலை மெதுவாக விடுவித்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபஹீமா கொஞ்சம் முனகிவிட்டு, உம்மாவின் இடுப்போடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"வரச் சொல்லுங்க லாத்தா," என்றாள் ரிஸ்வானா. "கேட்டுட்டுப் போகட்டும். நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

கைருன்னிசா போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"வாங்க," என்றாள் போனில். "மகளையும் கூட்டிட்டு வாங்க. சாப்பாடு இங்கதான்."

"சரி, சரி!" மனிதர் தடுமாறினார். "வெள்ளை வவ்வால் மீன் நல்லதா வந்திருக்கு. எத்தனை கிலோ எடுத்துட்டு வரட்டும்?"

"மீன் வேணாம்."

இஸ்கந்தர் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"இத்தனை வருஷமா மீனோடயே வந்துட்டீங்க," என்றாள் கைருன்னிசா. "நாளைக்கு மகளோட மட்டும் வாங்க."